மூன்றே கால் ஜி.பி. சம்பந்தம்

காடைகுளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ‘மங்கல முடிச்சு திருமணத் தகவல் நிலையம்’ என்று ஒரு போர்டு தொங்கும். அங்கே நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேரும் தங்கமானவர்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்; அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நிலையத்தின் உரிமையாளர் மயிலேறும்பெருமாள் அண்ணாச்சி. எந்தக் காரியத்தையும் நன்றாக யோசித்த பிறகுதான் தப்பாகச் செய்வார். ஜாதகம் பார்ப்பது ஆவுடையப்பன். நட்சத்திரம் தெரியாமல் ஒரு பூசணிக்காய்கூட வாங்க மாட்டார். போன் எடுப்பது பூரணத்தக்கா. சந்தேகம் என்ற ஒன்று அந்த அம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் குத்தாலிங்கம். இந்தக் கதை அவனுடையது.

குத்தாலிங்கத்துக்கு வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கல்யாணத்தைக் கூட்டி வைத்தவன். அவனுக்கு மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் பாயசம் வரும்போது அவனுக்குத் தொண்டை அடைக்கும். அழுகையை விழுங்கிவிட்டுப் பாயசத்தையும் விழுங்குவான்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜாதகத்தைத் திறந்துவிட்டால், அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகும் வரை அதை மூடக் கூடாது. மூடினால் வரன் தட்டிப் போகும். காகிதக் காலத்தில் தரையெல்லாம் ஜாதக நோட்டுகள் விரித்தபடி கிடக்கும். நாலு பேரும் நுனிக்காலில் நடப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. கரண்டு போனாலும் கம்ப்யூட்டரை அணைத்தாலும் எல்லா ஜாதகமும் மூடிக்கொள்ளும்தான். ஆனால் அது தானாக மூடியது, நாம் மூடியதில்லை என்று ஆவுடையப்பன் சாஸ்திரம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் குத்தாலிங்கம் சூடம் கொளுத்தி, ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பான். நானூற்று நாற்பது ஜாதகம். ஒன்றாம் நம்பர் அவனுடையது.

ஆவணி மாதக் கடைசி வாரம், திங்கட்கிழமை. பொட்டல்விளையிலிருந்து போன் வந்தது. பூரணத்தக்கா எடுத்துப் பேசி, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“ஏய் குத்தாலம், ஒனக்குத்தாம்டே! பொண்ணு பேரு நாச்சியார். முப்பத்தெட்டு வயசு. தையல்காரி, சொந்தமா மிஷின் வச்சிருக்கு. அண்ணன் பேரு வைரவன், அவருதான் பேசுனாரு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாராங்களாம்.”

குத்தாலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “வேற என்னக்கா சொன்னாங்க?”

“மாப்பிள்ளை ஜாதகம் மிஷின்ல அடிச்ச பேப்பராத்தான் இருக்கணுமாம். கையால எழுதுனா ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதிருவாங்களாம். மிஷின் பொய் சொல்லாதுங்காரு. சனிக்கிழமை புரட்டாசி பிறந்திருது, அதுக்குப் பொறவு அவங்க பேச மாட்டாங்களாம். வேற ஒரு இடமும் வந்திருக்காம்.”

குத்தாலிங்கத்தின் பழைய காகித ஜாதகத்தை என்றைக்கோ கறையான் அரித்துவிட்டது. இருப்பது கம்ப்யூட்டரில் மட்டும்தான். அவன் ஓடிப் போய் உட்கார்ந்து, நானூற்று நாற்பதுக்கும் அடியில் கிடக்கும் தன் ஜாதகத்தை எடுக்க, மேலே கிடந்தவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினான். இருநூறாவது ஜாதகத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரையில் ஒரு பெட்டி வந்தது. மெமரி போதவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

ஆலடிமுக்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த செல்வினுக்குப் போன் போட்டார்கள்.

“அண்ணாச்சி, அது ரொம்பப் பழைய சிஸ்டம்,” என்றான் செல்வின். “பாரம் தாங்காது. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.”

பாரம் என்றதும் அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இருந்த பிள்ளையார் படம், குங்குமச் சிமிழ், பூரணத்தக்காவின் டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் இறக்கினார். சும்மா விடச் சொன்னதால் நாலு பேரும் கதவைச் சாத்திவிட்டு இறங்கி, தெருவில் நின்றார்கள்.

“எவ்வளவு நேரம்வே?” என்றார் ஆவுடையப்பன்.

“கொஞ்ச நேரம்னுதானே சொன்னாரு. ஜாஸ்தி ஆயிரக் கூடாது,” என்றார் அண்ணாச்சி.

“கொஞ்ச நேரம் முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

அதை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மழை வந்ததால்தான் மேலே ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை செல்வினே நேரில் வந்தான். திரையைப் பார்த்து அசந்து போனான். “யாருய்யா நானூறு ஜாதகத்தை ஒண்ணா திறந்து வச்சது? இந்த மிஷின் எப்படித் தாங்கும்? வேண்டாததை எல்லாம் மூடுங்க.”

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. “தம்பி, யாரப் பாத்து வேண்டாதவங்கன்னு சொல்லுதீங்க? ஒவ்வொண்ணும் பெத்தவங்க கண்ணீரோட கொண்டு வந்து குடுத்த பிள்ளைங்க.”

“சரி அண்ணாச்சி, கோவிக்காதீங்க. இனிமேயாவது ஒண்ணைத் திறந்தா ஒண்ணை மூடுங்க. அது போதும்.” சொல்லிவிட்டு, அவசரமாக ஒரு வேலை என்று போய்விட்டான்.

இது நியாயமாகப் பட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். குத்தாலிங்கம் ஒரு ஜாதகத்தைத் திறப்பான்; உடனே பூரணத்தக்கா ஜன்னலை மூடுவாள். அடுத்ததைத் திறப்பான், அவள் குடையை மூடுவாள். தண்ணீர்ப் பானை, ஊறுகாய்ப் பாட்டில், அண்ணாச்சியின் பேனா, அலமாரி, வாசற்கதவு என்று இருபத்தேழு ஜாதகத்துக்குள் நிலையத்தில் மூடக்கூடியது எல்லாம் மூடியாகிவிட்டது.

“இன்னும் நானூத்துப் பதிமூணு இருக்கே!” என்றான் குத்தாலிங்கம், கலக்கத்தோடு.

நால்வரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். ஏற்கெனவே மூடியதைத் திறந்து மறுபடி மூடினால் கணக்கில் சேருமா, சேராதா? ஆவுடையப்பன் சேராது என்றார். அண்ணாச்சி, கடை ஷட்டரைத் தினமும் திறந்து தினமும்தானே மூடுகிறோம், நேற்று மூடியாயிற்று என்று இன்றைக்கு விட்டுவிடுகிறோமா என்று கேட்டார். அப்படியானால் சேரும் என்றார் ஆவுடையப்பன். அதன் பிறகு பூரணத்தக்கா டிபன் பாக்ஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஜாதகத்துக்கு ஒரு முறை என்று நானூற்றுப் பதிமூன்று முறை மூடினாள். கட்டை விரல் வீங்கிப் போயிற்று. கம்ப்யூட்டர் பழையபடி நின்று போயிற்று.

“ஒருவேளை டிபன் பாக்ஸ் சரியா மூடலியோ?” என்றார் அண்ணாச்சி.

“எலுமிச்சம்பழச் சாதம் அண்ணாச்சி. ஒரு பருக்கை வெளிய வரல. நீங்களே பாருங்க!” என்று பூரணத்தக்கா அழாத குறையாகக் காட்டினாள்.

புதன்கிழமை செல்வின் மறுபடி வந்து, பொறுமையாக உட்கார்ந்து விளக்கினான். அவன் நல்ல பிள்ளை. சொன்னதும் சரியான விஷயம். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அவன் பார்க்கவில்லை.

“இதுல இப்ப ஒரு மெமரி இருக்கு, ரெண்டு ஜி.பி. இன்னொண்ணு போடலாம். ஆனா இது பழைய முப்பத்திரண்டு பிட் சிஸ்டம். நாலு ஜி.பி. வரைக்கும்தான் இதுக்கு எண்ணத் தெரியும். அதுலயும் முக்கால் ஜி.பி.யை சொந்தச் செலவுக்கு ஒதுக்கிக்கிடும். நமக்கு மூணே கால்தான் நிக்கும். அதுக்கு மேல எத்தன போட்டாலும் தண்டம், சும்மா கெடக்கும்.”

“ஏன் தம்பி சும்மா கெடக்கணும்?”

“இப்ப ஒரு தெருவுல நாலு வீட்டுக்குத்தான் கதவு நம்பர் இருக்குன்னு வைங்க. அஞ்சாவது வீட்டுக்கு நம்பரே இல்ல. தபால்காரர் அந்த வீட்டுக்கு எப்படி லெட்டர் குடுப்பாரு? அது மாதிரிதான். அப்புறம், எல்லா மெமரியும் எல்லா மிஷினுக்கும் சேராது. பாத்துத்தான் வாங்கணும்.”

எல்லாம் எல்லாவற்றுக்கும் சேராது என்பது அந்த நிலையத்தில் யாருக்குத் தெரியாது? அதற்காகத்தானே அது நடக்கிறது! ஆவுடையப்பன் உடனே பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் பிறந்த தேதி இருந்தது. நேரம் இல்லை. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்பதால் மத்தியானத்தைக் கழித்து, காலை பத்தே கால் என்று முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் பெண். உத்திர நட்சத்திரம், கன்னி ராசி.

செல்வின் கொண்டுவந்திருந்த மெமரிக்கு ஆயில்ய நட்சத்திரம் வந்தது.

“ஆயில்யமா!” ஆவுடையப்பன் பேனாவைக் கீழே வைத்தார். “மாமியாருக்கு ஆகாதே.”

“மிஷினுக்கு ஏது அம்மா? அப்ப மாமியாரே கிடையாதே,” என்றாள் பூரணத்தக்கா.

இவ்வளவு சிக்கலான விஷயத்தை அவள் ஒரே வார்த்தையில் அவிழ்த்ததைக் கண்டு மற்ற மூவரும் வியந்தார்கள். ஆனாலும் கணப் பொருத்தம் தட்டியது. வேறு வரன், அதாவது வேறு மெமரி, கொண்டுவரச் சொன்னார்கள். செல்வின் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்து, மெமரியின் மேல் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே மெமரியோடு ஏறி வந்தான்.

“இது ரோகிணி, அண்ணாச்சி,” என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே நட்சத்திரம் அதுதான்.

பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆவுடையப்பன் மெமரியைக் கையில் வாங்கி, களையான முகம் என்றார்.

ஆனால் அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மெமரி உட்கார நாலு இடம் இருந்தது. ஒன்றில் பழையது. ஒன்றில் பல்லி முட்டை. அதைத் தொடக் கூடாது. மிச்சம் இரண்டு. “ரெண்டு இலை போட்டுட்டு ஒருத்தரை மட்டும் உக்காத்துறதா? நம்ம வீட்டுக்கு அது மரியாதை இல்ல. இன்னொண்ணும் குடுங்க தம்பி.”

“வேண்டாம் அண்ணாச்சி, அது சும்மாதான் கெடக்கும்னு இப்பதானே சொன்னேன்!”

“கெடக்கட்டும் தம்பி. வீட்ல சும்மா இருக்கிற ஆளுக்குச் சோறு போடாம இருக்கோமா?”

செல்வின், “இதுவும் ரோகிணிதான்,” என்று இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தான்.

குத்தாலிங்கம்தான் ஒரு சந்தேகம் கிளப்பினான். “அண்ணாச்சி, ஏற்கெனவே ஒண்ணு உள்ள இருக்கு. இப்ப ரெண்டு. ஒரு பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளையா? ஊர் என்ன சொல்லும்?”

நிலையத்தின் பெயர் கெட்டுவிடும் விஷயம் அல்லவா? அண்ணாச்சி எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“மூடி போட்டுத்தானே உள்ள வைக்கப் போறோம்,” என்றார் கடைசியில். “ஊருக்கு எங்க தெரியப் போகுது?”

முகூர்த்தம் வியாழக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில் செல்வினுக்கு வேறு வேலை இருந்தது. எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். “முதல்ல ஏதாவது இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் மெமரியைத் தொடுங்க. இல்லேன்னா நம்ம உடம்புல இருக்கிற கரண்டு அதைக் கெடுத்துரும். டக்குனு ஒரு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க.”

பேய் பிசாசு அண்டாமல் இருக்க இரும்பு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் எவ்வளவு இரும்போ அவ்வளவு நல்லது என்று பக்கத்து வீட்டு இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். அண்ணாச்சி பீரோவைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியின் கையை ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பன் கையைக் குத்தாலிங்கம் பிடித்துக்கொண்டு மறு கையால் மெமரியை வைத்து அழுத்தினான். பூரணத்தக்கா கெட்டிமேளத்துக்கு டிபன் பாக்ஸை வெளுத்து வாங்கினாள். அந்தச் சத்தத்தில் டக் என்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் பத்தரை மணி வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் குத்தாலிங்கம் எட்டிப் பார்த்தான். “மூணே கால்தான் காட்டுது அண்ணாச்சி.”

“மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு ரெண்டு, ஆறு ஜி.பி. சீர் கொண்டு வந்திருக்காங்க. மூணே கால்தான் வாங்கிக்கிட்டுதா?”

“முதல் ஆள் முழுசா வேலை செய்யுதான். ரெண்டாவது ஆள் கொஞ்சம் முன்ன பின்ன. மூணாவது ஆள் கணக்குலயே இல்ல.”

“நல்ல குடும்பத்துப் பொண்ணு. மூணாவது ஆளை ஏறிட்டுப் பாக்கல,” என்றாள் பூரணத்தக்கா, பெருமையோடு.

அண்ணாச்சிக்குச் செல்வின் சொன்ன கதவு நம்பர் ஞாபகத்துக்கு வந்தது. “அட, விஷயம் அவ்வளவுதானே! அந்த வீட்டுக்கு நம்பர் இல்ல. நாம எழுதிட்டா முடிஞ்சுது.” பூரணத்தக்கா நகச்சாயத்தை எடுத்து வந்து, மூன்றாவது மெமரியின் நெற்றியில் 3 என்று சிவப்பாக எழுதினாள். தபால்காரருக்கு இருட்டில் தெரியாதே என்று ஆவுடையப்பன் ஒரு டார்ச் லைட்டையும் ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அப்படியும் மூன்றே கால்தான்.

குத்தாலிங்கம் அந்த மூன்றாவது மெமரியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தான். எல்லாத் தகுதியும் இருக்கிறது. சீரும் குறைவில்லை. சபையில் உட்கார இடமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். “என்னை மாதிரியேடா நீயும்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு, துடைத்து மறுபடி வைத்தான்.

மெமரி கூடிவிட்டது என்ற சந்தோஷத்தில், இதுவரை காகிதத்திலேயே கிடந்த இருநூறு ஜாதகத்தையும் அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து வைத்துவிட்டார்கள். ஆக மொத்தம் அறுநூற்று நாற்பது. அத்தனைக்கும் அடியில் குத்தாலிங்கம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாச்சியாரும் அவள் அண்ணன் வைரவனும் வந்துவிட்டார்கள். வைரவனுக்குப் பெரிய மீசை, கையில் பழுப்புக் கவர். நாச்சியார் கழுத்தில் இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் குத்தாலிங்கத்துக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் நான் எதற்காக இருக்கிறேன் என்றுகூட நினைத்துவிட்டான்.

“மாப்பிள்ளை ஜாதகத்தை அடிச்சுக் குடுங்க. பஸ் ஒரு மணிக்கு,” என்றார் வைரவன்.

குத்தாலிங்கம் உட்கார்ந்து ஒதுக்க ஆரம்பித்தான். ஐந்நூறு தாண்டியது, அறுநூறு தாண்டியது. கம்ப்யூட்டர் முனகியது. கடைசியில், ஒன்பது வருஷமாக அடியில் கிடந்த அவன் ஜாதகம் திரையில் வந்தது. கட்டமெல்லாம் தெளிவாக! பிரிண்ட் கொடுத்தான். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. எலியை உருட்டினாலும் அசையவில்லை, தட்டினாலும் அசையவில்லை. மணி பன்னிரண்டரை.

“பேப்பர் இல்லேன்னா பேச்சு இல்ல,” என்று வைரவன் எழுந்தார். “நாச்சியாரு, கெளம்பு.”

குத்தாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு மூளை வேலை செய்தது. “யாரும் பதறாதீங்க. ஜாதகம் எங்க இருக்கு? இந்தத் திரையில இருக்கு. கீழ என்ன கடை? ஜெராக்ஸ் கடை. தூக்குங்கவே!”

மானிட்டரைத் தூக்க வயர் இழுத்தது. ஆவுடையப்பன் பிடுங்கினார். திரை கறுப்பாகிவிட்டது.

“அய்யோ, ஜாதகம் போயிட்டே!” என்றான் குத்தாலிங்கம்.

“எப்படிவே போகும்? வீட்ல வெளக்கை அணைச்சா உள்ள இருக்கிற ஆளு வெளிய போயிருவாங்களா? இருட்டுல உக்காந்திருப்பாங்க,” என்றார் அண்ணாச்சி.

இது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. மானிட்டரைக் கைத்தாங்கலாக இறக்கி, ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி மேல் முகம் குப்புறப் படுக்கவைத்தார்கள். கடைக்காரருக்கு இவர்களைப் பல வருஷமாகத் தெரியும். ஒன்றும் கேட்காமல் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஓடியது. சூடாக ஒரு பேப்பர் வந்து விழுந்தது. முழுக் கறுப்பு. நாலு ஓரமும் ஒரே சீராக, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல்.

குத்தாலிங்கம் அதை வைரவனிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் முடிந்தது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

வைரவன் பேப்பரை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் பழுப்புக் கவரைப் பிரித்து, தங்கச்சி ஜாதகத்தின் ஜெராக்ஸை வெளியே எடுத்தார். ஜாதக நோட்டைத் திறக்காமலே, அதன் கறுப்புக் காலிகோ துணி அட்டை கண்ணாடியைப் பார்க்க வைத்து, அவரே எடுத்த ஜெராக்ஸ். அதுவும் முழுக் கறுப்பு.

இரண்டையும் ஜெராக்ஸ் மிஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆறு தலைகள் குனிந்தன. நாச்சியார் கழுத்து டேப்பைக் கழற்றி, நீளம் அகலம் இரண்டையும் அளந்தாள்.

“ஒரு நூல் வித்தியாசம் இல்ல அண்ணே,” என்றாள்.

ஆவுடையப்பன் இரண்டு பேப்பரையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “முப்பது வருஷமா ஜாதகம் பாக்கேன். எட்டுப் பொருத்தம் பாத்திருக்கேன், ஒம்பது பாத்திருக்கேன். இப்படி அச்சு அசலா ஒண்ணுபோல ஒரு ஜோடியைப் பாத்ததே இல்ல.”

“மிஷின் பொய் சொல்லாது,” என்றார் வைரவன், மீசையைத் துடைத்துக்கொண்டு. “மாப்ள, வாங்க!” என்று குத்தாலிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி பஸ் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. குத்தாலிங்கம் அன்றைக்குத்தான் தொண்டை அடைக்காமல் பாயசம் குடித்தான். நாலு டம்ளர் குடித்தான். திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்து, எல்லோரும் கைதட்ட, ஒன்பது வருஷமாகத் திறந்து கிடந்த ஒன்றாம் நம்பர் ஜாதகத்தை மூடினான். கம்ப்யூட்டர் ஒரு கணம் சுறுசுறுப்பானது போல இருந்தது.

ஆனால் அவன் மனசுக்கு ஒரு குறை. பெட்டியைத் திறந்து பார்த்தான். சிவப்பு நகச்சாயத்தில் 3 என்று எழுதிய மெமரி அதே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. நமக்கு ஆகிவிட்டது, இவனுக்கு ஆகவில்லையே என்று நினைத்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, இந்தச் சம்பந்தம் இவனுக்கு அமையல. பாவம், இவனை அத்துவிட்டுட்டு வேற எடம் பாப்போம்.”

“வேற மிஷினுக்கு எங்கவே போக?”

அப்போது மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நாச்சியார், முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். “எங்கூட வந்த தையல் மிஷின் வீட்ல தனியாத்தான் கெடக்கு. பன்னெண்டு வருஷமா எங்கையிலதான் இருக்கு. குணத்துக்கு நான் பொறுப்பு.”

நாலு பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். இவள் நம்ம வீட்டுப் பெண்தான் என்று அந்த நிமிஷமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தை எடுத்தார். தையல் மிஷினுக்கு மிருகசீரிடம், மெமரிக்கு ரோகிணி. தாராளமாகச் செய்யலாம் என்றார். குத்தாலிங்கம் இருவர் ஜாதகத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அறுநூற்று நாற்பதாவதாகவும் அறுநூற்று நாற்பத்தோராவதாகவும் திறந்து வைத்தான்.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மெமரி போதவில்லை என்று திரையில் பெட்டி வந்தது.

பூரணத்தக்கா செல்வினுக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, மறுபடி நின்னுட்டுதா? ஒருத்தரும் ஒண்ணையும் தொடாதீங்க, நான் உடனே வாரேன்,” என்றான் செல்வின்.

“அதெல்லாம் உடனே வேண்டாம் தம்பி,” என்றாள் பூரணத்தக்கா. “தை மாசம் பத்தாம் தேதி விடியுமுன்னே குடும்பத்தோட வந்திருங்க. நீங்கதான் மாப்பிள்ளை வீடு.”